நுழைவோரும் உயர்வோரும்: சேர்வராயன் மலைத் தோட்டங்களும் பணியிடப் பன்முகத்தன்மையின் அளவீடும்

ஒரு நிறுவனத்தில் பலதரப்பட்ட மக்கள் வேலை பார்க்கிறார்களா என்பது ஒரு கேள்வி. அவர்களுள் எத்தரப்பினர் ஆண்டுகள் செல்லச் செல்ல மேல்நிலைப் பொறுப்புகளுக்கு வருகிறார்கள் என்பது மற்றொரு கேள்வி. பாலினம், சாதி, பழங்குடி, மதம், மொழி, மாற்றுத்திறன் போன்றவற்றால் வேறுபட்டவர்கள் ஒரே பணியிடத்தில் எந்த அளவில் கலந்திருக்கிறார்கள் என்பதைப் பணியாளர் பன்முகத்தன்மை என்றும், ஒருவர் தாம் சேர்ந்த படியிலிருந்து அடுத்தடுத்த படிகளுக்கு நகர்வதைப் பணி முன்னேற்றம் என்றும் மேலாண்மைத் துறையினர் வழங்குகின்றனர். நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளில் இவ்விரண்டும் பெரும்பாலும் ஒரே பத்தியில் பேசப்படுகின்றன; முதற்கேள்விக்குக் கிடைத்த விடையே இரண்டாவதற்கும் போதுமானதாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. இவ்வுரை அந்தப் பழக்கத்தை மறுக்கிறது. மொத்தப் பணியாளர்களில் பெண்கள் இத்தனை விழுக்காடு, பழங்குடியினர் இத்தனை விழுக்காடு என்று சொல்லும் கணக்கு, வாசலைக் கடந்து உள்ளே வந்தவர்களைப் பற்றிய கணக்கு மட்டுமே. உயர்வை அளக்க விரும்புவோர் ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு ஆட்கள் தேர்ந்தெடுக்கப்படும் இடத்துக்குச் சென்று, அங்கே யார் நின்றார்கள், யார் ஏறினார்கள், யார் காத்திருந்து சலித்து வெளியேறினார்கள் என்று எண்ணியாக வேண்டும்.

இதை ஆராய்வதற்குச் சேர்வராயன் மலை பொருத்தமான களம். சேலம் மாவட்ட ஆட்சியராக 1820களில் இருந்த எம். டி. காக்பர்ன் ஏற்காட்டில் காபிப் பயிரைப் புகுத்தினார். ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரமுள்ள அந்த மலைச்சரிவுகளில் அராபிகா காபியும், அதன் நிழல் மரங்களில் படரும் மிளகும் இன்றும் முதன்மைப் பயிர்கள். தென்னிந்தியத் தோட்ட உரிமையாளர்களின் கூட்டமைப்பான உபாசி 1893இல் தோன்றியது. காபி வாரியம் 1942ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக நிலைபெற்றது. இவ்வளவு நீண்ட வரலாறு கொண்ட தோட்டத் தொழில், ஒரு நிறுவனத்தின் எல்லாப் படிகளையும் ஒரே நிலப்பரப்பில் கண்முன் நிறுத்துகிறது. உச்சியில் உரிமையாளர் அல்லது கம்பெனி. அடுத்து மேலாளரும் உதவி மேலாளரும். களப்பணிகளைக் கவனிக்கும் ஃபீல்டு ஆபீசர். வருகையும் கூலிக் கணக்கும் எழுதும் ரைட்டர். ஆட்களை வேலையில் இறக்கி மேற்பார்க்கும் மேஸ்திரி. அனைவருக்கும் கீழே தொழிலாளி. சென்னையிலுள்ள ஒரு தணிக்கை நிறுவனத்திலோ வழக்கறிஞர் நிறுவனத்திலோ பயிற்சியாளர், உதவியாளர், மேலாளர், பங்குதாரர் என்று படிகளின் பெயர்கள் மாறுமே ஒழிய, அமைப்பு இதுவேதான். அங்கே படிகள் குளிரூட்டப்பட்ட அறைகளுக்குள் மறைந்திருக்கின்றன. மலையில் அவை வெட்டவெளியில் தெரிகின்றன.

பறிப்புக் காலத்தின் ஒரு மாலைப்பொழுது இதற்குச் சான்று. நவம்பர் தொடங்கி சில மாதங்கள் நீளும் அந்தப் பருவத்தில், பகல் முழுவதும் பறித்த பழத்தைப் பெண்கள் சாக்குகளில் கட்டித் தலைச்சுமையாக எடை போடும் இடத்துக்குக் கொண்டுவருகின்றனர். படுதாவை விரித்துப் பழத்தைக் கொட்டி, செக்கச் சிவந்த பழம் தனியாக, பச்சைக்காய் தனியாக, முற்றிக் கறுத்தது தனியாகப் பிரிக்கின்றனர். பழத்தின் தரத்தை முடிவு செய்யும் அந்தக் கண்ணும் கையும் பெண்களுடையவை. பின்னர் தராசில் ஏற்றப்படுகிறது, பெயர் கூப்பிடப்படுகிறது, கிலோ எழுதப்படுகிறது. கூப்பிடுகிறவரும் எழுதுகிறவரும் பெரும்பாலும் ஆண்கள். செக்ரோல் என்று தோட்டங்களில் வழங்கும் அந்த வருகைப் பதிவேட்டைத் தனியே எடுத்துப் பார்ப்பவருக்கு, பெண்களின் பெயர்கள் பக்கம் பக்கமாக நிறைந்திருப்பதைக் கண்டு, பெண்களுக்கு இவ்வளவு இடமளிக்கும் தொழில் வேறில்லை என்று தோன்றலாம். பெயர்கள் உண்மை, அவற்றிலிருந்து பெறப்படும் முடிவுதான் பிழையானது. பதிவேட்டில் எழுதப்பட்ட பெயர்கள் யாருடையவை என்று கேட்பதோடு, பதிவேட்டை எழுதும் கை யாருடையது என்றும் கேட்க வேண்டியிருக்கிறது.

சட்டத்தின் வரலாற்றிலும் இதே இடைவெளி உள்ளது. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு, மருத்துவம், குழந்தைகள் காப்பகம் முதலியவற்றை உரிமையாளரின் கடமையாக்கியது. 5 ஹெக்டேருக்குக் குறையாத பரப்பும் 15 தொழிலாளர்களும் உள்ள தோட்டங்கள் பிற்காலத் திருத்தத்தின்படி அதன் வரம்புக்குள் வந்தன. அச்சட்டம் தொழிலாளியின் வாழ்க்கை நிலையைப் பேசியது. அவர் மேஸ்திரியாவதைப் பற்றிப் பேசவில்லை. 1975இல் அவசரச் சட்டமாக வந்து 1976இல் நாடாளுமன்றச் சட்டமான சம ஊதியச் சட்டம், ஒரே தன்மையுள்ள வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்று விதித்தது. பெண்ணுக்கு ஒரு கூலி, ஆணுக்கு ஒரு கூலி என்றிருந்த தோட்டத் தொழிலுக்கு அது பெரும் திருப்பம். அச்சட்டத்தின் விதிகள் ஒவ்வொரு முதலாளியும் ஒரு பதிவேடு வைத்திருக்க வேண்டும் என்று கூறின; வேலையின் வகை, அதன் சுருக்க விவரம், அதில் உள்ள ஆண்களின் எண்ணிக்கை, பெண்களின் எண்ணிக்கை, கொடுக்கப்படும் ஊதியம் ஆகியவற்றுக்கு அதில் தனித்தனிக் கட்டங்கள் இருந்தன. பன்முகத்தன்மை என்ற சொல் நிறுவனங்களின் வாயில் புழங்கத் தொடங்குவதற்கு வெகுகாலம் முன்பே, இந்தியாவில் சட்டத்தின் ஆணையால் அமைந்த பன்முகத்தன்மைப் பதிவேடு அது என்று சொல்வது மிகையாகாது. 1987இல் அச்சட்டம் திருத்தப்பட்டபோது, வேலைக்குச் சேர்ப்பதில் மட்டுமின்றி, பதவி உயர்வு, பயிற்சி, இடமாற்றம் ஆகியவற்றிலும் பாலினப் பாகுபாடு கூடாது என்ற சொற்கள் சேர்க்கப்பட்டன. சட்டத்தில் பதவி உயர்வு நுழைந்தது. பதிவேட்டிலோ அதற்கென ஒரு கட்டம் வரையப்படவில்லை. எழுதப்படாத ஒன்றை ஆய்வாளர் எப்படிச் சோதிப்பார், தொழிலாளி எப்படி நிரூபிப்பார்? தடை செய்யப்பட்ட ஒரு பாகுபாடு, தன் தடயத்தைப் பதிவு செய்யும் கடமை எவருக்கும் இல்லாமல் இத்தனை ஆண்டுகள் தொடர்ந்திருப்பது வருந்தத்தக்கது.

பதிவேட்டில் கட்டம் வரைந்துவிட்டால் மட்டும் போதுமா என்றால், அதுவும் போதாது. காபித் தோட்டத்தில் வேலைகள் பாலினவாரியாகப் பிரிந்து கிடக்கின்றன. கவாத்து வெட்டுதல், நிழல் மரம் கழித்தல், மருந்து தெளித்தல், குழி எடுத்தல் ஆகியவை ஆண்கள் வேலை என்றும், பறித்தல், களையெடுத்தல், காய் பிரித்தல், உலர்களத்தில் காபியைக் கிளறிக் காயவைத்தல் ஆகியவை பெண்கள் வேலை என்றும் வழக்கத்தில் நிலைபெற்றுள்ளன. மேஸ்திரி பொறுப்புக்குக் கவாத்து தெரிந்தவரே தகுதியானவர் என்று ஒரு தோட்டம் வைத்துக்கொள்ளுமானால், இருபது ஆண்டு பறிப்பு அனுபவம் உள்ள பெண் ஒருவர் தகுதி பெற்றோர் பட்டியலிலேயே இடம்பெற மாட்டார். தகுதி பெற்றவர்களில் எத்தனை பேர் உயர்த்தப்பட்டார்கள் என்ற கணக்கை அத்தோட்டம் நேர்மையாகப் போட்டாலும், அதில் பெண்களுக்கு எந்தக் குறையும் நேர்ந்ததாகத் தெரியாது. ஏனெனில் கணக்கின் அடியெண்ணிலிருந்தே அவர்கள் நீக்கப்பட்டுவிட்டனர். ஆகவே உயர்வை அளப்பவர் முதலில் தகுதி விதியை எடுத்துக்கொண்டு, அந்த விதி அந்தப் பொறுப்பின் உண்மையான தேவையிலிருந்து பிறந்ததா, பழைய வேலைப் பிரிவினையிலிருந்து பிறந்ததா என்று ஆராய வேண்டும். பறிப்புக் காலத்தில் மேஸ்திரியின் பணி பழத்தின் முதிர்ச்சியைக் கண்டறிவதும், வரிசைகளைப் பங்கிடுவதும், ஆட்களை ஒருங்கிணைப்பதும் என்றால், அதற்குக் கவாத்துக் கத்தியைவிடப் பறிப்பு அனுபவமே நெருங்கிய தகுதி. நகரத்து நிறுவனங்களில் இரவு நெடுநேரம் அலுவலகத்தில் இருப்பதும், வெளியூர்ப் பணிக்கு உடனே கிளம்புவதும் பங்குதாரர் ஆவதற்கான எழுதப்படாத தகுதிகளாக விளங்குவதும் இதே வகையைச் சேர்ந்தது.

அளவுகோல்களில் பெயர்பெற்ற ஒன்றை இங்கே விளக்குவது பயன்தரும். ஒவ்வொரு பிரிவினரும் மொத்தத்தில் எத்தனை பங்கு என்று கண்டு, அப்பங்குகளை வர்க்கப்படுத்திக் கூட்டி, அக்கூட்டுத்தொகையை ஒன்றிலிருந்து கழித்தால் கிடைப்பது பன்முகக் குறியீடு. சமூகவியலாளர் பீட்டர் பிளவு 1977இல் எழுதிய நூலின் வழியாக நிறுவன ஆய்வுகளில் இது பரவியது. அடிப்படையில் இதே வாய்பாட்டைப் புள்ளியியலாளர் எட்வர்ட் சிம்சன் 1949இலேயே முன்வைத்திருந்தார். சூழலியலாளர்கள் காபித் தோட்டத்து நிழல் மரங்களின் பன்மையைக் கணிக்கவும் அதையே கையாளுகின்றனர். சில்வர் ஓக் மரம் மட்டுமே நிற்கும் தோட்டத்தையும், பலாவும் அத்தியும் காட்டு மரங்களும் கலந்து நிற்கும் தோட்டத்தையும் வேறுபடுத்திக் காட்ட அது நல்ல கருவி. மனிதர் வேலை செய்யும் இடத்தில் அது இரு வகையில் குறைபடுகிறது. தொண்ணூறு ஆண்களும் பத்துப் பெண்களும் உள்ள அலுவலகத்துக்கும், தொண்ணூறு பெண்களும் பத்து ஆண்களும் உள்ள அலுவலகத்துக்கும் அது 0.18 என்ற ஒரே விடையைத் தருகிறது. அந்தப் பத்து ஆண்களும் மேலாளர்களாகவும் தொண்ணூறு பெண்களும் தொழிலாளர்களாகவும் இருந்தாலும் விடை மாறாது. பதவி வரிசையை அறியாத குறியீடு, பதவி உயர்வைப் பற்றி எதுவும் சொல்ல இயலாது.

எவர் எந்தப் பிரிவில் எண்ணப்படுகிறார் என்ற கேள்வியும் சேர்வராயன் மலையில் கூர்மையாக எழுகிறது. இம்மலையின் பூர்வகுடிகளான மலையாளிகள், கேரளத்தவரோடு தொடர்பில்லாத, தமிழ் பேசும் மலைவாழ் மக்கள். தமிழ்நாட்டுப் பட்டியல் பழங்குடிகளில் மக்கள்தொகையால் பெரிய இனம் அவர்களே. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி மாநிலத்தில் பழங்குடியினர் ஏறத்தாழ 7.95 லட்சம்; மொத்த மக்கள்தொகையில் அது 1.1 விழுக்காடு. மாநிலச் சட்டமன்றத்தில் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட இரண்டு தொகுதிகளில் ஏற்காடு ஒன்று. மற்றொன்று கொல்லிமலையை உள்ளடக்கிய சேந்தமங்கலம். ஆனால் பட்டியலில் மலையாளி என்ற பெயர் தருமபுரி, வட ஆர்க்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆர்க்காடு, திருச்சிராப்பள்ளி என்ற மாவட்டப் பெயர்களோடு சேர்த்தே எழுதப்பட்டிருக்கிறது. ஈரோடு மாவட்டத்தின் கடம்பூர், பர்கூர் மலைகளில் வாழும் அதே இனத்தவர் அப்பட்டியலுக்கு வெளியே நிற்கின்றனர். அதில் தங்களையும் சேர்க்க வேண்டும் என்பதே அவர்களுடைய நெடுநாள் கோரிக்கை. ஒரே குடியைச் சேர்ந்த இருவர், ஒருவர் சேலத்திலும் மற்றவர் ஈரோட்டிலும் பிறந்து, ஒரே அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தால், பன்முகத்தன்மை அறிக்கையில் ஒருவர் பழங்குடியினராகவும் மற்றவர் வேறு பிரிவினராகவும் எழுதப்படுவார். எண்ணுவதற்கு முன்னமே நடந்து முடிந்த நிர்வாக முடிவு அந்த எண்ணுக்குள் ஒளிந்திருக்கிறது என்பதை அளவீட்டாளர் மறந்துவிடலாகாது.

எண்ணிக்கை மிகச் சிறிதாக இருக்கும்போது நேரும் சிக்கல் வேறு வகையானது. தமிழ்நாட்டு அரசுப் பணி நியமனங்களில் பழங்குடியினருக்கு 1 விழுக்காடு ஒதுக்கீடு 1990 முதல் தனியாக நடைமுறையில் உள்ளது. இனச்சுழற்சி என்பது, எந்த வரிசை எண்ணில் வரும் காலியிடம் எந்தப் பிரிவினருக்கு உரியது என்று முன்கூட்டியே குறித்துவைக்கும் முறை. 200 இடங்கள் கொண்ட அச்சுழற்சியில் பழங்குடியினருக்குரியவை இரண்டே. ஆண்டுக்குப் பத்துப் பேரை நியமிக்கும் ஒரு துறையில் அச்சுழற்சி ஒருமுறை முடிய இருபது ஆண்டுகள் ஆகும். அந்த இருபது ஆண்டுகளில் இரண்டு பழங்குடியினரே அவ்வழியில் உள்ளே வருவர். அவ்விருவரில் ஒருவர் விலகினாலோ இறந்தாலோ அத்துறையின் பழங்குடிப் பங்கு பாதியாகிவிடும். இத்தகைய இடத்தில் விழுக்காடு பேசுவது பொருளற்றது. ஆட்களின் எண்ணிக்கையையும் ஆண்டுகளின் எண்ணிக்கையையும் நேரடியாகச் சொல்வதே முறை.

இவ்வகைக் கணக்கில் தமிழ்நாட்டுக்கு நூறாண்டு கடந்த அனுபவம் உண்டு. 1910களில் சென்னை மாகாணத்தில் பிராமணரல்லாதார் இயக்கம் உருவானபோது, அதன் தலைவர்கள் முன்வைத்த வாதம் புள்ளிவிவரத்தின் மேல் எழுப்பப்பட்டது. அரசில் மொத்தம் எத்தனை பேர் வேலை பார்க்கிறார்கள் என்று அவர்கள் கேட்கவில்லை. துணை ஆட்சியர்களில் எத்தனை பேர், சார்பு நீதிபதிகளில் எத்தனை பேர், மாவட்ட முன்சீப்களில் எத்தனை பேர் என்று பதவி பதவியாகப் பிரித்துக் கேட்டனர். துணை ஆட்சியர்களில் பாதிக்கு மேலும், முன்சீப்களில் முக்கால் பங்கை ஒட்டியும் ஒரே வகுப்பினர் இருந்தனர் என்பது அவ்வாறு கேட்டதனால் வெளிப்பட்டது. 1916 இறுதியில் பிட்டி தியாகராயர் வெளியிட்ட பிராமணரல்லாதார் அறிக்கையும் இவ்வழியிலேயே பேசியது. நீதிக்கட்சி ஆட்சிக்கு வந்தபின் 1921 செப்டம்பரில் பிறப்பித்த வகுப்புவாரி அரசாணை, நியமனங்களை வகுப்புவாரியாகப் பிரித்து அரையாண்டுக்கு ஒருமுறை அறிக்கை அனுப்பும்படி துறைத் தலைவர்களைப் பணித்தது. அவ்வாணையின் உயிர்நாடி அந்த அரையாண்டு அறிக்கையே. பின்னர் எஸ். முத்தையா முதலியார் அமைச்சராக இருந்தபோது பன்னிரண்டு இடச் சுழற்சி நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு பன்னிரண்டு நியமனங்களிலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணருக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியரும் கிறித்தவரும் அடங்கிய பிரிவுக்கு 2, ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு 1 என்று அது பகுத்தது. அச்சுழற்சி ஆளப்பட்டது வாசலில். வாசலுக்கு அப்பாலுள்ள மாடிப்படி அதன் எல்லைக்கு வெளியே நின்றது.

மாடிப்படியைப் பற்றிய முதற்பெரும் வழக்கும் சென்னையிலிருந்தே எழுந்தது. தென்னக ரயில்வேயில் தேர்வுவழிப் பதவி உயர்வுக்கும் பட்டியல் வகுப்பினருக்கு ஒதுக்கீடு உண்டு என்ற ரயில்வே வாரியத்தின் சுற்றறிக்கைகளை எதிர்த்து ரங்காச்சாரி என்ற ஊழியர் தொடுத்த வழக்கில், 1961இல் உச்ச நீதிமன்றம் மூன்றுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில், அரசமைப்பின் 16(4) பிரிவு பதவி உயர்வையும் உள்ளடக்கும் என்று தீர்ப்பளித்தது. 1992இன் மண்டல் வழக்குத் தீர்ப்பு அதை மாற்றியது. 1995இன் 77ஆவது அரசமைப்புத் திருத்தம் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் அவ்வுரிமையை மீட்டுத் தந்தது. 2006இல் நாகராஜ் வழக்கில், பிரதிநிதித்துவம் போதவில்லை என்பதற்கு எண்ணிக் காட்டத்தக்க தரவு வேண்டும் என்று நீதிமன்றம் கூறியது. எதை அலகாகக் கொண்டு எண்ணுவது என்ற கேள்வி அப்போதுதான் முன்னுக்கு வந்தது. 2022 ஜனவரி 28 அன்று ஜர்னைல் சிங் வழக்கில் அதற்கு விடை கிடைத்தது: பதவி உயர்வு எந்தப் பணித்தொகுதியில், அதாவது எந்தப் படிநிலைப் பதவிகளின் தொகுப்பில் கோரப்படுகிறதோ, அத்தொகுதியே அலகு, ஒட்டுமொத்தப் பணித்துறையைச் சேர்த்து எண்ணிய தரவு பொருளற்றது. சட்டத்தின் மொழியில் இருந்தாலும் இத்தீர்ப்பு அளவீட்டுக் கலையின் அடிப்படைப் பாடம். சென்னை மாகாணத்து அரசியல் தலைவர்கள் நூறாண்டுக்கு முன் முன்சீப்களைத் தனியே எண்ணியபோது கடைப்பிடித்த முறையும் இதுவே. உழைத்துக் கண்டறிந்த இந்த முறையை இங்குள்ள தனியார் நிறுவனங்கள் கைக்கொள்ளாமல், மொத்த விழுக்காட்டோடு நின்றுவிடுவது பெரும் இழப்பு.

மைய அரசின் பொதுத்துறை நிறுவனங்கள் இவ்வகையில் ஓரடி முன்னே நிற்கின்றன. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர் ஆகியோரின் பிரதிநிதித்துவம் பற்றி மைய அரசு அமைப்புகள் ஆண்டுதோறும் அனுப்ப வேண்டிய அறிக்கையில், ஜனவரி முதல் தேதியில் உள்ள பணியாளர் எண்ணிக்கை ஒரு பகுதி. முந்திய ஆண்டில் நேரடி நியமனத்தால் வந்தவர், பதவி உயர்வால் வந்தவர் என்று பிரித்துக் காட்டுவது மற்றொரு பகுதி. முன்னதை இருப்பு என்றும் பின்னதை நகர்வு என்றும் சொல்லலாம். ஏற்காட்டு மலையடிவாரத்துச் சேலம் நகரில் ரயில்வே கோட்டமும் உருக்காலையும் உள்ளன. மலையில் படித்து இறங்கிய ஓர் இளைஞர் அவ்விடங்களில் வேலைக்குச் சேர்ந்தால், அவருடைய பிரிவினரின் உயர்வு ஏதோ ஒரு படிவத்தின் கட்டத்தில் ஏறுகிறது. அவர் மலையிலேயே தங்கி ஒரு தனியார் தோட்டத்திலோ சுற்றுலா விடுதியிலோ சேர்ந்தால், அவ்வுயர்வு எங்கும் ஏறுவதில்லை. அரசுப் படிவத்திலும் ஒரு குறை உண்டு: ஏ, பி, சி என்ற பெரும்பிரிவுகளாகத் தொகுத்தே அது கேட்கிறது; ஒரே பிரிவுக்குள் பல படிகள் அடங்கிவிடுவதால், கீழ்ப்படியில் தேங்கி நிற்போர் மேற்படியினரோடு கலந்து கண்ணுக்குத் தெரியாமல் போகின்றனர்.

தொழில்முறை நிறுவனங்களின் நிலையை எண்ணும்போது ஆர். சிவபோகத்தின் பெயர் நினைவுக்கு வராமல் இராது. விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றவர். 1933இல் கணக்காளர் தேர்வில் தேறி இந்தியாவின் முதல் பெண் தணிக்கையாளரானார். சிறை சென்றோர் அத்தொழிலில் ஈடுபடலாகாது என்ற தடையை வழக்காடி நீக்கி, 1937 முதல் சென்னையில் தனியே தொழில் நடத்தினார். 1955 முதல் 1958 வரை இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகத்தின் தென்னிந்திய வட்டாரக் குழுவுக்குத் தலைமை வகித்தார். அவர் வாழ்க்கை வணங்கத்தக்கது. எனினும் முதல் பெண், முதல் பழங்குடியினர் என்று முதல்வர்களைக் கொண்டாடும் பழக்கம் அளவீட்டுக்கு மாற்றாகிவிடுகிறது. சிவபோகம் தடையை உடைத்தார் என்பது அவருடைய ஆற்றலுக்குச் சான்று. அவருக்குப் பின் வந்த எத்தனை பெண்கள் பங்குதாரர்களாயினர் என்பதே அத்தொழிலின் நிலைக்குச் சான்று. இந்தியப் பங்குச் சந்தை வாரியமான செபி, சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களிலுள்ள நிறுவனங்களுக்கு 2022–23 நிதியாண்டு முதல் கட்டாயமாக்கிய பொறுப்பறிக்கையில், இயக்குநர் குழுவிலும் முதன்மை நிர்வாகிகளிலும் பெண்களின் பங்கு, ஆண் பெண் வாரியாக வேலையை விட்டுச் சென்றோர் விகிதம், குழந்தைப்பேற்று விடுப்புக்குப் பின் திரும்பி வந்து நிலைத்தோர் விகிதம் ஆகியவை கேட்கப்படுகின்றன. இவை நல்ல கேள்விகள். ஆனால் அடித்தளத்தையும் உச்சியையும் கேட்கும் அவ்வறிக்கை, இடைப்பட்ட படிகளில் யார் எத்தனை ஆண்டுகள் நின்றனர் என்று கேட்பதில்லை. சாதியையும் பழங்குடி நிலையையும் அது தொடுவதில்லை. தணிக்கை, சட்ட நிறுவனங்கள் பெரும்பாலும் கூட்டாண்மைகளாக இருப்பதால் அந்த அறிக்கையின் வரம்புக்கே வருவதில்லை. நாட்டின் தொழிற்சாலைப் பெண் தொழிலாளர்களில் பத்தில் நான்கு பேருக்கு மேல் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள் என்று பெருமைப்படும் மாநிலத்தில், அவர்களுள் எத்தனை பேர் மேற்பார்வையாளர்களாயினர் என்ற கேள்வி இவ்வளவு மெலிந்த குரலில் ஒலிக்கலாகாது.

முறையை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்கலாம். ஒரு நிறுவனத்தில் தொடக்கப் படியில் 60 பேர், அவர்களில் 30 பெண்கள். நடுப்படியில் 20 பேர், அவர்களில் 6 பெண்கள். உச்சியில் 5 பேர், அனைவரும் ஆண்கள் என்று கொள்வோமானால், மொத்தம் 85 பேரில் 36 பெண்கள், அதாவது 42 விழுக்காடு என்று ஆண்டறிக்கை அறிவிக்கும். இனி ஐந்தாண்டு நகர்வைப் பார்க்க வேண்டும். அக்காலத்தில் நடுப்படிக்குத் தகுதி பெற்ற 25 ஆண்களில் 10 பேரும், 20 பெண்களில் 4 பேரும் உயர்த்தப்பட்டிருந்தால், ஆண்களின் தேர்வு விகிதம் 40, பெண்களின் விகிதம் 20. ஒன்று மற்றொன்றில் பாதி. அமெரிக்காவில் 1978 முதல் பின்பற்றப்படும் ஐந்தில் நான்கு விதி, ஒரு பிரிவினரின் தேர்வு விகிதம் மிக உயர்ந்த விகிதத்தில் 80 விழுக்காட்டுக்குக் கீழே போனால் அதைப் பாகுபாட்டின் அறிகுறியாகக் கொண்டு காரணம் கேட்கச் சொல்கிறது. இவ்வளவோடு நிற்காமல், உயர்ந்தோர் கீழ்ப்படியில் காத்திருந்த ஆண்டுகளையும் பிரிவுவாரியாக எழுத வேண்டும். ஆண்கள் சராசரியாக நான்கு ஆண்டுகளில் ஏறிய படியில் பெண்கள் ஏழு ஆண்டுகள் நின்றிருந்தால், அம்மூன்று ஆண்டுகளின் ஊதிய இழப்பு பணி ஓய்வு வரை தொடரும். தகுதி பெற்றும் உயர்வு வராமல் விலகியோரையும் சேர்த்தே எழுத வேண்டும். அவர்களை விட்டுவிட்டால், எஞ்சியோரை மட்டும் கொண்டு போடும் விகிதம் உண்மையைவிட அழகாகத் தெரியும். குழந்தைப்பேற்று விடுப்பில் கழிந்த மாதங்கள் காத்திருப்புக் காலத்தில் எவ்வாறு எண்ணப்பட்டன என்பதைப் பதிவேட்டிலேயே குறிப்பதும் இன்றியமையாதது.

இம்முறையை ஏற்காட்டுத் தோட்டங்களில் நடைமுறைப்படுத்துவது கடினமான வேலை அன்று. செக்ரோல் ஏற்கெனவே நாள்தோறும் எழுதப்படுகிறது. ஒவ்வொருவரும் சேர்ந்த தேதி வருங்கால வைப்பு நிதிக் கணக்கில் இருக்கிறது. மேஸ்திரி, ரைட்டர், ஃபீல்டு ஆபீசர் என்ற மூன்று படிகளுக்கும், அவ்விடம் காலியான நாள், அப்போது கருதப்பட்டவர்கள், தேர்ந்தெடுக்கப்பட்டவர், அவர் முந்திய வேலையில் இருந்த ஆண்டுகள் என்று நான்கு கட்டங்கள் வரைந்தால் போதும். கருதப்பட்டவர்கள் என்ற இரண்டாவது கட்டமே மிக முக்கியமானது. ஒரு பெண்ணின் பெயரோ ஒரு மலையாளி இளைஞரின் பெயரோ அங்கே பத்தாண்டுகளாக எழுதப்படவே இல்லை என்பது தெரியவந்தால், விகிதம் எதையும் கணிக்காமலேயே பிழை இருக்கும் இடம் புலப்பட்டுவிடும். தோட்டம் சிறிதாக இருப்பதால் எழும் தயக்கம் நியாயமானதே: ஒரே ஒரு பழங்குடி ரைட்டர் உள்ள தோட்டம் தன் எண்ணிக்கையை வெளியிட்டால், அது அந்த ஒருவரை அடையாளம் காட்டிவிடும். அதற்கு வழி, தனித்தோட்டத்தின் பதிவேட்டை அத்தோட்டத்துத் தொழிலாளர் பிரதிநிதிகள் பார்க்கும்படி வைத்துக்கொண்டு, பொதுவெளியில் மலை முழுவதுக்குமான தொகுப்பை மட்டும், ஐந்தாண்டு எண்களைச் சேர்த்து, தோட்ட உரிமையாளர் சங்கத்தின் வழியாக வெளியிடுவது. 5 ஹெக்டேருக்குக் குறைவாக நிலம் வைத்திருக்கும் சிறு விவசாயிகளிடம் படிகளே இல்லாததால் அவர்களை இக்கணக்கிலிருந்து விலக்கிவிடலாம். அடுத்த பறிப்புப் பருவத்தின் செக்ரோல் அச்சடிக்கப்படும்போதே மற்றத் தோட்டங்கள் அந்நான்கு கட்டங்களையும் சேர்த்து அச்சிட்டுக்கொள்ள முடியும்.